சிறுநீர் சொல்லும் சேதி

நம் சித்த மருத்துவர்கள் நோயாளியைத் தேர்ந்து பார்ப்பதற்கு எட்டு வழிகளை வகுத்து வைத்தனர். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. கடைசியாகச் சொல்லப்பட்டாலும் சிறுநீருக்கு அவர்கள் அளித்த இடம் சிறியதன்று. தேரையர் பெயரால் வழங்கும் நூல்களில் நீர்க்குறி, நெய்க்குறி என்னும் இரண்டு தேர்வுகள் பேசப்படுகின்றன. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. விடியற்காலையில் பிடித்த சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரம்போல் வளைகிறதா, முத்துப்போல் நிற்கிறதா என்று நோக்கி வாதம், பித்தம், கபம் எனத் துணிவது நெய்க்குறி.

எண்ணெய்த் துளியின் வடிவத்தைக் கொண்டு சிறுநீரகத்தின் பழுதை அளந்துவிட முடியும் என்று இன்றைய விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆயினும், உடலுக்குள் நடப்பதை உடலிலிருந்து வெளியேறும் நீர் சொல்லும் என்ற அடிப்படை எண்ணம் பழுதற்றது. அந்த எண்ணத்தை மூலக்கூறு அளவில் தொடர்ந்து சென்றவர்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் கண்டறிந்த சில புரதங்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அவை யாருக்கு மிகவும் தேவைப்படுகின்றன என்றால், கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகளுக்கு.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நான் ஓரிக்கையைச் சேர்ந்தவன். எங்கள் தெருவில் பட்டு நெய்துவந்த பெரியவர் ஒருவர், உறவில் எனக்குப் பெரியப்பா, சிரோசிஸ் என்னும் கல்லீரல் நோயால் சில ஆண்டுகள் துன்புற்றார். வயிற்றில் நீர் கோத்தது, கால் வீங்கியது, கையும் தோளும் வற்றிப்போயின. முடிவில் அவரைக் கொண்டுபோனது சிறுநீரகம். அவருடைய பரிசோதனைச் சீட்டுகளையெல்லாம் பெரியம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். ஒரு விடுமுறையில் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். கிரியாட்டினின் என்ற வரியில் முதலில் 0.6; மூன்று வாரம் கழித்து 1.1, அதற்கு நான்கு நாள் கழித்து 2.4. அந்த 1.1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருந்த இயல்பான அளவு 0.7 முதல் 1.3 வரை. ஆகவே அதன் அடியில் யாரும் சிவப்புக் கோடு போடவில்லை. அந்த 1.1 உண்மையில் என்ன சொல்லிற்று என்று அறிய முற்பட்டதன் பயனே இக்கட்டுரை.

கல்லீரல் கெட்டால் சிறுநீரகம் ஏன் கெடுகிறது?

மது, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வகை வைரஸ்கள், கல்லீரலில் கொழுப்புப் படிதல் ஆகியவை சிரோசிஸ் நோய்க்கு முக்கியக் காரணங்கள். மது தொடாதவருக்கும் இந்நோய் வரும் என்பதை நாம் மறத்தல் ஆகாது. நெடுநாள் புண்பட்டுப் புண்பட்டு ஆறிய கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. குடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்கு அதனுள் வழி கிடைப்பதில்லை. அச்சிரையில் அழுத்தம் கூடுகிறது. அதன் விளைவாக நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்கள் சுரந்து, குடலைச் சுற்றியுள்ள தமனிகள் அகன்று விரிகின்றன. உடலின் இரத்தத்தில் பெரும்பங்கு அங்கே தேங்குகிறது.

உடலில் இரத்தம் குறையவில்லை. ஆனால் இரத்தம் குறைந்துவிட்டதாக உடல் நினைக்கிறது. உப்பையும் நீரையும் சேமிக்கும் ரெனின், ஆல்டோஸ்டிரோன், வாசோப்ரெசின் முதலியவை சுரக்கின்றன. சேமித்த நீர் வயிற்றில் இறங்கி மகோதரமாகிறது. சிறுநீரகத்தின் தமனிகளோ இறுக்கமாகச் சுருங்கிவிடுகின்றன. இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கும் உறுப்பு அது. அதற்கு வரத்து நின்றால் வேலையும் நிற்கும். சிரோசிஸ் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரில் ஐவரில் ஒருவருக்காவது இத்தகைய திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு நேர்கிறது.

நூல் நின்றதா, தறி முறிந்ததா?

இங்கேதான் மருத்துவருக்குச் சிக்கல் தொடங்குகிறது. சிறுநீரகம் நின்றுவிட்டது என்பது ஒரே செய்தி. ஆனால் காரணங்கள் மூன்று. காஞ்சிபுரத்து வாசகர்களுக்கு இதைத் தறியைக் கொண்டே விளக்கலாம்.

ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை. முதல் காரணம், ஊருக்கே நூல் வரவில்லை என்பது. வயிற்றுப்போக்கு, வாந்தி, இரத்தப்போக்கு, அளவுக்கு மீறிய நீர்போக்கி மாத்திரை ஆகியவற்றால் உடலில் நீரே குறைந்துபோன நிலை இது. இரண்டாவது, நூல் ஊருக்கு வந்தது, ஆனால் வேறு தெருவுக்குப் போய்விட்டது என்பது. குடலைச் சுற்றி இரத்தம் தேங்கிச் சிறுநீரகத் தமனிகள் சுருங்கிக்கொண்ட இந்நிலைக்கு ஹெப்பட்டோ ரீனல் சிண்ட்ரோம், அதாவது கல்லீரல்வழிச் சிறுநீரகச் செயலிழப்பு, என்று பெயர். மூன்றாவது, தறியே முறிந்துவிட்டது என்பது. இங்கே சிறுநீரக நுண்குழல்களின் செல்கள் மடிந்துபோயின.

இரண்டாம் வகையில் தறிக்கு ஒரு பழுதும் இல்லை என்பதை எப்படி அறிந்தார்கள்? 1863-ஆம் ஆண்டிலேயே ஆஸ்டின் ஃபிளின்ட் என்ற அமெரிக்க மருத்துவர், மகோதரத்தால் சிறுநீர் நின்று இறந்தவர்களின் சிறுநீரகங்களில் குறிப்பிடத்தக்க சிதைவு இல்லை என்று எழுதினார். 1969-ல் கோப்பெல் என்பவரும் அவருடைய தோழர்களும் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினர். இவ்வாறு சிறுநீரகம் நின்று இறந்துபோன கல்லீரல் நோயாளிகளின் சிறுநீரகங்களை எடுத்து, சிறுநீரகம் கெட்ட வேறு நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். ஓர் உடலில் செத்துக் கிடந்த உறுப்பு மற்றோர் உடலில் சிறுநீர் வடித்தது!

காரணம் வேறாயின் மருத்துவமும் வேறு. முதல் வகைக்கு இழந்த நீரையும் அல்புமின் புரதத்தையும் ஏற்றினால் போதும். இரண்டாம் வகைக்கு அல்புமினுடன், குடல் தமனிகளைச் சுருக்கும் டெர்லிப்ரெசின் அல்லது நார்அட்ரினலின் தேவை. மூன்றாம் வகையில் அம்மருந்தால் பயன் இல்லை. முறிந்த தறிக்கு நூல் அனுப்புவது போன்றது அது. தீங்கும் உண்டு. 2021-ல் வெளியான, 300 நோயாளிகளைக் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வில் டெர்லிப்ரெசின் பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் வெற்றுமருந்து பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் சிறுநீரகம் மீண்டது. ஆனால் மூச்சுக் கோளாற்றால் இறந்தவர்கள் டெர்லிப்ரெசின் பெற்ற பிரிவிலேயே அதிகம். எனவே 'கொடுத்துப் பார்ப்போம்' என்று எல்லோருக்கும் கொடுக்கத்தக்க மருந்து அன்று. நோயையும் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வற்புறுத்தியது இவ்விடத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது!

கிரியாட்டினின்: காலந்தாழ்த்தி வரும் சாட்சி

சிறுநீரகத்தின் நிலையை அறிய நம் மருத்துவமனைகளில் பார்ப்பது இரத்தத்திலுள்ள கிரியாட்டினின். தசையில் உள்ள கிரியாட்டின் என்ற பொருள் நாள்தோறும் சிறிதளவு உடைந்து இது உண்டாகிறது. சிறுநீரகம் இதை வெளியேற்றும்; சிறுநீரகம் நின்றால் இரத்தத்தில் இதன் அளவு ஏறும். 1886-ல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானிய வேதியியலார், காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்துடன் இது செந்நிறம் தருவதைக் கண்டார். அவ்வினையின் அடிப்படையிலேயே இன்றும் பல ஆய்வகங்களில் இதை அளக்கிறார்கள்.

நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இது நம்பத்தக்க சாட்சிதான். கல்லீரல் நோயாளிக்கோ மூன்று விதத்தில் பொய் சொல்லும். கிரியாட்டினை ஆக்கி முடிக்கும் இடம் கல்லீரல். அது கெட்டால் ஆக்கமே குறைகிறது. தசை வற்றிப்போவதால் மூலப்பொருளும் குறைகிறது. இரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிரூபின் மிகுந்திருந்தால் யாஃபே வினையில் அளவு குறைத்துக் காட்டுகிறது. ஆகவே இந்நோயாளிக்கு 0.6 என்பது நல்ல சிறுநீரகத்தின் அடையாளம் என்று மகிழ்ந்துவிட முடியாது. மேலும், பாதிப்பு நேர்ந்தபின் கிரியாட்டினின் ஏறுவதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும்.

முன்பெல்லாம் கிரியாட்டினின் 1.5 மில்லிகிராமைத் தாண்டினால்தான் கவலைப்பட்டார்கள். மகோதரத்தை ஆராயும் பன்னாட்டு வல்லுநர் குழு 2015-ல் அந்த நிலையான எல்லைக்கோட்டைக் கைவிட்டது. 48 மணி நேரத்தில் 0.3 மில்லிகிராம் கூடினாலோ, நோயாளியின் சொந்தப் பழைய அளவைவிட ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பே என்று அது வரையறுத்தது. இக்கணக்கின்படி பார்த்தால், 0.6-லிருந்து 1.1 என்பது ஏறக்குறைய 1.8 மடங்கு. அச்சிட்ட எல்லைக்குள் அடங்கியிருந்த அந்த எண் அபாய மணியே.

எங்கள் ஊரின் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். பல்லவ மன்னனின் ஆணையால் கணிகண்ணன் காஞ்சியை விட்டு வெளியேற, அவனைத் தொடர்ந்து திருமழிசையாழ்வாரும், ஆழ்வாரைத் தொடர்ந்து பெருமாளும் புறப்பட்டு ஓரிரவு தங்கிய இடமாதலால் 'ஓரிரவிருக்கை' என்பது ஓரிக்கை ஆயிற்றாம். அந்த ஓரிரவில் காஞ்சி இருளடைந்தது என்பது கதை. சிறுநீரகக் கணக்கிலும் ஓரிரவு பெரிதுதான். கிரியாட்டினின் நாளை சொல்லப்போவதை இன்றே சொல்லும் சாட்சி கிடைக்குமா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள்.

சிறுநீரில் கிடைத்த சாட்சிகள்

1993-ல் இரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களில் ஒரு சிறு புரதம் கண்டறியப்பட்டது. அதன் நீண்ட பெயரைச் சுருக்கி 'என்கால்' என்பர். பாக்டீரியாக்கள் இரும்புச் சத்தைக் கவர்வதற்கென்று சுரக்கும் பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுவது இதன் வேலை. அடிபட்ட சிறுநீரக நுண்குழல்களும் இப்புரதத்தை ஏராளமாக ஆக்கிச் சிறுநீரில் விடுகின்றன என்பதைப் பிரசாத் தேவராஜன் தலைமையில் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய குழு 2003-ல் விலங்குகளில் காட்டிற்று. 2005-ல் அக்குழு, இதய அறுவை செய்துகொண்ட 71 குழந்தைகளின் சிறுநீரைத் தொடர்ந்து சோதித்தது. 20 குழந்தைகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பு நேர்ந்தது. அவர்களுக்குக் கிரியாட்டினின் ஏற ஒன்று முதல் மூன்று நாள் ஆயிற்று. என்காலோ இரண்டே மணி நேரத்தில் ஏறியிருந்தது!

மாதக் கடைசியில் சேலைக் கணக்கு குறைந்ததைப் பார்த்துத் தறி நின்றதை அறிவது கிரியாட்டினின் முறை. தறிக்குழியில் விழுந்து கிடக்கும் மரச்சிராயைப் பார்த்து அன்றே அறிவது என்கால் முறை. இதைப் போன்று வேறு சாட்சிகளும் உண்டு. 1998-ல் அறியப்பட்ட கிம்-1 என்பது நுண்குழலின் முற்பகுதிச் செல்கள் காயப்படும்போது அவற்றின் மேற்பரப்பில் தோன்றி, பின் கழன்று சிறுநீரில் விழும் புரதம். இன்டர்லூக்கின்-18 அழற்சியின் தூதன். கல்லீரல் வகைக் கொழுப்பமிலப் பிணைப்புப் புரதம் என்பது மற்றொன்று. ஜப்பான் இதை 2011-லேயே மருத்துவக் காப்பீட்டுக்கு உட்பட்ட பரிசோதனையாக ஏற்றது. இவற்றையெல்லாம் அளப்பதற்கு அடிப்படை, நம் பாடத்தில் வரும் ஆன்டிஜென், ஆன்டிபாடி பிணைப்புத்தான். எலிசா முறையைப் படித்தவர்களுக்கு இதில் புதிர் ஒன்றும் இல்லை.

கல்லீரல் நோயாளிக்கு இவற்றால் கிடைக்கும் பயன் இரட்டிப்பானது. இங்கே 'எப்போது' என்பதைவிட 'எந்த வகை' என்பதே பெரிய கேள்வி. நூல் வராமல் நின்ற தறியில் சிராய் விழாது. முறிந்த தறியில் விழும். பார்சிலோனா நகர மருத்துவர்கள் சிரோசிஸ் நோயாளிகளின் 320 பாதிப்பு நிகழ்வுகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட முடிவு இதுவே. முதலில் நோயாளிக்கு அல்புமின் ஏற்றி, மூன்றாம் நாளில் சிறுநீரிலுள்ள என்காலை அளந்தார்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 220 மைக்ரோகிராமுக்கு மேல் என்கால் இருந்தால் நுண்குழல் சிதைவு என்றும், குறைந்தால் மற்ற வகை என்றும் பெரும்பாலும் பிரிக்க முடிந்தது. அதென்ன ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு? ஒருவர் நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், குடிக்காவிடில் கெட்டியாகும். அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டவே சிறுநீரில் உடன்வரும் கிரியாட்டினினோடு ஒப்பிடுகிறார்கள்.

இப்பிரிவினையின் மதிப்பை ஒரு சிறு கணக்கால் உணரலாம். வழக்கமான முறையில் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் நாள்தோறும் அல்புமின் ஏற்றி இரண்டு நாள் காத்திருந்து, கிரியாட்டினின் இறங்காவிட்டால்தான் அடுத்த மருந்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 கிராம்; 20 விழுக்காட்டுக் கரைசலில் 100 மில்லி புட்டிகள் மூன்று. இரண்டு நாளைக்கு ஆறு. ஏழைக் குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று. வல்லுநர்கள் 2024-ல் வெளியிட்ட புதிய கருத்தறிக்கை இந்தக் கட்டாய இரண்டு நாளைத் தளர்த்தி, 24 மணி நேரத்தில் நிலைமையை மறுபடி எடைபோடச் சொல்கிறது. காத்திருப்புக் குறையக் குறைய, வகையைப் பிரித்துச் சொல்லும் சாட்சியின் தேவை கூடும்.

நம் நாட்டிலும் இத்துறையில் அரிய பணி நடந்துள்ளது. விலை மிகுந்த டெர்லிப்ரெசினுக்குப் பதில் மலிவான நார்அட்ரினலின் பயன்படுமா என்று சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தார் ஆராய்ந்து, இரண்டும் ஏறத்தாழ ஒன்றே எனக் கண்டனர். ஆனால் டெல்லியிலுள்ள கல்லீரல், பித்தநீர் அறிவியல் நிறுவனத்தார் 120 நோயாளிகளிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லீரல் திடீரென மோசமடைந்தவர்களுக்கு டெர்லிப்ரெசினே மேல் என்று தெரிந்தது.

சாட்சியின் குறைகள்

என்கால் தெய்வ வாக்கு அன்று. அதன் பிறப்பிடமே வெள்ளணு ஆதலால், சிறுநீர்த்தாரையில் தொற்று இருந்தால் சிறுநீரகம் நலமாயிருந்தும் அளவு ஏறும். கல்லீரல் நோயாளிகளுக்குத் தொற்று எளிதில் வரும் என்பதால் இது சிறு குறை அன்று. மேலும் மூன்று வகைகளின் அளவுகளும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. நூல் நின்ற தறி நெடுநாள் கிடந்தால் அதுவும் பழுதாகும் அல்லவா? அதுபோல இரண்டாம் வகை மெல்ல மூன்றாம் வகையாக மாறக்கூடும். எனவே இந்த எண் மருத்துவரின் தீர்ப்புக்குத் துணையே தவிரத் தீர்ப்பு ஆகாது. அமெரிக்க அரசு 2023-ன் இறுதியில் இச்சோதனைக்கு அனுமதி அளித்ததும் குழந்தைகளுக்கும் 21 வயதுவரை உள்ள இளைஞர்களுக்கும் மட்டுமே; கல்லீரல் நோயாளிகளுக்கென்று அன்று.

மலிவான பழைய முறை ஒன்றும் இருக்கிறது. சிறுநீரைச் சுழற்றி அடியில் படிந்ததை உருப்பெருக்கியில் பார்ப்பதே அது. நுண்குழல் செல்கள் மடிந்திருந்தால் சேற்று நிறத்தில் உருளை வடிவ வார்ப்புகள் தென்படும். காமாலை மிகுந்தவரிடம் பிலிரூபின் சாயம் ஏறி இவை ஏமாற்றுவதும் உண்டு. இருப்பினும் பழகிய கண்ணுக்கு இது பெரும் உதவி. நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் இருப்பது போன்ற ஒரு நுண்ணோக்கியே இதற்குப் போதும்.

நாம் செய்யத்தக்கவை

மருத்துவர் அல்லாத நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் வீட்டில் கல்லீரல் நோயாளி இருந்தால் அவருடைய பரிசோதனைச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவர் முன் வைக்க வேண்டும். அச்சிட்ட எல்லையோடு ஒப்பிடாமல், அவருடைய சென்ற முறை எண்ணோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். வீட்டிலேயே நாள்தோறும் எடையையும் சிறுநீரின் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம்.

அடுத்தது வலி மாத்திரை. குழித்தறியில் கால்தொங்க நாள் முழுதும் உட்காரும் நெசவாளிக்கு இடுப்புவலி வாராது இருக்குமா? மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோபெனாக், ஐபூப்ரோபென் போன்றவை, சிறுநீரகத் தமனியைத் திறந்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின்களைத் தடுத்துவிடுகின்றன. ஏற்கெனவே சுருங்கித் தவிக்கும் தமனி அடியோடு சுருங்கும். சிரோசிஸ் நோயாளி இவற்றைத் தொடவே கூடாது. நீர்போக்கி மாத்திரையைத் தாமே கூட்டுவதும் ஆகாது. வயிற்றுப்போக்கு, கருமலம், காய்ச்சல், வயிற்றுவலி, சிறுநீர் குறைதல் ஆகிய எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிற்று நீரில் தொற்று ஏற்பட்டவர்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லியோடு அல்புமினும் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு 33 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது என்று ஸ்பெயின் நாட்டார் 1999-லேயே காட்டியிருக்கிறார்கள். உரிய நேரத்தில் சென்றால் காப்பாற்ற வழி உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சர்க்கரையும் புரதமும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் தோய்க்கும் பட்டையை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். என்காலையும் அவ்வளவு எளிதாக, அவ்வளவு மலிவாகப் பார்க்கும் நாள் வர வேண்டும். உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் மேற்கொண்டு படிக்கப்போகும் நண்பர்களுக்கு இது தகுந்த ஆராய்ச்சிப் பொருள். அதுவரையில், இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அலமாரியில் எங்கெங்கோ செருகிக் கிடக்கும் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை எடுத்துத் தேதிப்படி ஒரு நூலில் கோத்து வைப்போம். அதற்குக் காசு செலவில்லை.